தீபாவளிப் பல்சுவை நிகழ்ச்சியில் பாடியது யார்? உலு திராமில் தீராத வழக்கு

உலு திராம்: தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே இங்கு ஒரு வாதம் தொடங்கிவிடும். இவ்வாண்டுச் சிறப்பு நிகழ்ச்சிக்குத் தமிழகத்திலிருந்து யார் வருகிறார், உள்ளூர்ப் பாடகர்களில் யாருக்கு இடம், அவர்களுக்கு எத்தனை பாட்டு என்று ஆரம்பித்து, எப்படியும் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய பல்சுவை நிகழ்ச்சிகளில் போய் நிற்கும். அந்தக் காலத்து நிகழ்ச்சி மாதிரி இனி வருமா என்று ஒருவர் கேட்பார். அந்தக் காலத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று இன்னொருவர் திருப்பிக் கேட்பார். தே தாரிக் ஆறிப்போய் ஒரு மணி நேரம் ஓடியிருக்கும்.

கோத்தா திங்கி சாலையை ஒட்டிய காப்பிக்கடைகளிலும், கோயில் திருவிழா முடிந்து நாற்காலிகளை அடுக்கும் நேரத்திலும், கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போதும் இதைக் கேட்கலாம். கேட்பவர்களுக்கு வெறும் ரசிகர் சண்டையாகத் தோன்றும். பாதி அப்படித்தான். டி.எம். சௌந்தரராஜன் குரலா, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் குரலா என்ற சண்டைக்கு ஜொகூரில் மட்டுமல்ல, தமிழர் வாழும் எந்த ஊரிலும் முடிவு கிடையாது. மற்றப் பாதி அப்படியல்ல. உள்ளூர்ப் பாடகர்கள் யார் யார் எந்த ஆண்டு எந்த அலைவரிசையில் பாடினார்கள், அவர்களுக்குப் பின்னால் வாசித்தவர்கள் யார் என்ற கேள்விக்கு விடை இருந்தாக வேண்டும். அந்த விடையைப் பொதுமக்கள் எடுத்துப் பார்க்க இடமில்லை. ஆகவே குரல் உயர்ந்தவர் சொன்னதே அன்றைய தீர்ப்பு.

நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28இல் தொடங்கியது. இரண்டாவது அலைவரிசை 1969இல் வந்தது. வண்ண ஒளிபரப்பு 1978இல். டிவி3 1984இல். 1996இல் ஆஸ்ட்ரோவும் அதன் வானவில் அலைவரிசையும் வரும்வரை, தொலைக்காட்சியில் தமிழுக்கு வாரத்தில் சில மணி நேரம்தான். இன்று வீட்டில் நாள் முழுவதும் தமிழ் ஓடுகிறது. அன்று தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சி ஒன்று வருகிறது என்றால், அதற்காகக் கறிக்குழம்பை அடுப்பில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. பல தோட்டங்களில் அப்போது வீட்டுக்கு வீடு பெட்டி இல்லை. மண்டபத்திலோ, பெட்டி வைத்திருந்தவர் வீட்டு வாசலிலோ கூடிப் பார்த்தார்கள். ஒரு பாடகர் ஒரே ஒரு பாட்டுப் பாடினாலும் மறுநாள் பால் மரக்காட்டில் அந்தப் பாட்டுத்தான் பேச்சு. அந்த ஒரு மணி நேரம் இவ்வளவு ஆழமாகப் பதிந்ததற்கு அதன் தரம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. அதைத் தவிர வேறு எதுவும் இல்லாததும் ஒரு காரணம். பழைய நிகழ்ச்சிகளைப் புகழ்பவர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை.

தெற்கு ஜொகூருக்கு இன்னொரு தனிச் சிக்கல் இருக்கிறது. உலு திராமிலிருந்து நேர் மேற்கே குனோங் பூலாய். ஆர்டிஎம் ஒளிபரப்பு அங்கிருந்து வந்தது. தெற்கே நீரிணைக்கு அப்பால் புக்கிட் பாத்தோக். சிங்கப்பூர் ஒளிபரப்புக் கோபுரங்கள் அங்கே. கூரை மேல் அலுமினியக் கம்பியை ஒருவர் திருப்ப, கீழே இருப்பவர் சரி, சரி, இல்லை, கொஞ்சம் இந்தப் பக்கம் என்று கத்த, ஒரே வீட்டில் இரண்டு நாட்டுத் தீபாவளி பார்த்தார்கள். சிங்கப்பூரில் 1990களின் நடுப்பகுதி வரை எட்டாவது ஒளிவழியில் சீன நிகழ்ச்சிகளுக்கு நடுவே தமிழ் வந்தது. பிறகு பன்னிரண்டாவது ஒளிவழிக்கு மாறியது. 2008 அக்டோபர் 19இல் வசந்தம் முழுநேரத் தமிழ் ஒளிவழியானது. இதனால் ஈப்போவிலோ கிள்ளானிலோ நடக்கும் இதே வாதத்தைவிட இங்கு நடப்பது குழப்பம் கூடியது. அங்காசாபுரியில் பாடியவரைச் சிங்கப்பூர்ப் பாடகர் என்றும், சிங்கப்பூரில் பாடியவரை நம் ஆள் என்றும் நினைவு வைத்திருப்பவர்கள் இங்கே நிறைய. இருவரும் ஒரே பெட்டியில்தானே வந்தார்கள்.

உள்ளூரா, விருந்தினரா?

வாதத்தின் சூடான பகுதி இதுதான். சிறப்பு நிகழ்ச்சி என்றால் தமிழகத்திலிருந்து ஒரு பெயராவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள் என்பது ஒரு கட்சி. ஆண்டு முழுவதும் தமிழகப் பாட்டுத்தான் கேட்கிறோம், தீபாவளியன்றாவது நம் பிள்ளைகளுக்கு மேடை கொடுங்கள் என்பது எதிர்க்கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் தங்களுக்குச் சாதகமாக இழுக்கும் பெயர் ஒன்று உண்டு: மலேசியா வாசுதேவன்.

1944இல் இந்த நாட்டில் பிறந்தவர். இங்குள்ள தமிழ் இசைக்குழுவில் முன்னணிப் பாடகராக இருந்துவிட்டுச் சென்னைக்குப் போனவர். 1977இல் வந்த 'பதினாறு வயதினிலே' அவரை ஊரறியச் செய்தது. பிறகு ஆயிரக்கணக்கான பாட்டுகள், வில்லன் வேடங்கள், கலைமாமணி விருது. 2011 பிப்ரவரி 20இல் சென்னையில் காலமானார். அவர் உள்ளூர்க் கலைஞரா, தமிழகக் கலைஞரா? உள்ளூர்க் கட்சி சொல்கிறது: பார், நம் மண்ணில் அப்படிப்பட்ட குரல் இருந்தது. எதிர்க்கட்சி சொல்கிறது: சென்னை அங்கீகரித்த பிறகுதானே நீங்களும் அவரைக் கொண்டாடினீர்கள்? இரண்டாவது பேச்சு உறைக்கிறது. பெயருக்கு முன்னால் 'மலேசியா' என்று ஒட்டிக்கொண்டதே அவர் மலேசியாவில் இல்லாததால்தான். இங்கேயே இருந்திருந்தால் அந்த அடைமொழிக்குத் தேவையே வந்திருக்காது.

இதே கதை பின்னாளில் வேறு விதமாகத் திரும்பியது. 1990களில் பொயட்டிக் அம்மோ குழுவில் இருந்த யோகி பி, நட்சத்திரா குழுவுடன் 2006இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டார். தமிழ் ராப் என்றால் என்ன என்று சென்னைக்காரர்கள் இங்கிருந்துதான் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் அவர் குரல். 2017இல் 'விவேகம்'. விருந்தினர் என்ற சொல் ஒரே திசையில் போவதில்லை என்பதற்கு இது போதும்.

இன்னொரு வேடிக்கையையும் ரசிகர்கள் சொல்வார்கள். இந்நாட்டு இந்தியக் குரல்கள் சிலவற்றை மக்கள் அதிகம் பார்த்தது தமிழ் நிகழ்ச்சிகளில் அல்ல. பினாங்கின் எலிகேட்ஸ் குழுவின் டேவிட் ஆறுமுகமும் 2007இல் மறைந்த அவர் தம்பி லோகநாதனும் மலாய்ப் பாட்டில் நாட்டையே கட்டிப்போட்டவர்கள். 2004இல் முதல் மலேசியன் ஐடல் பட்டத்தை வென்றவர் ஜாக்லின் விக்டர். தமிழ்த் தீபாவளி நிகழ்ச்சியில் ஒரு பாட்டுக்குப் போராடிய இதே சமூகத்தின் பிள்ளைகள், மலாய்ப் பல்சுவை நிகழ்ச்சியில் நடுநாயகமாக நின்றார்கள். இதில் பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்பதில்கூட உலு திராமில் ஒருமித்த கருத்து இல்லை.

பின்னால் நின்றவர்கள்

யார் பாடினார் என்று சண்டை போடுகிறவர்கள் யார் வாசித்தார் என்று கேட்பதே இல்லை. பழைய நிகழ்ச்சிகளில் விருந்தினருக்கும் உள்ளூர்ப் பாடகருக்கும் பொதுவாக இருந்தது பின்னால் அமர்ந்திருந்த இசைக்குழு. வயலின், கிட்டார், ஆர்மோனியம், தபேலா, டிரம்ஸ் என்று பத்துப் பேர், சில சமயம் அதற்கு மேலும். அவர்கள் இங்குள்ளவர்கள். பகலில் அலுவலகத்திலோ பட்டறையிலோ வேலை, இரவில் ஒத்திகை. தோட்டத்துத் திருவிழாவில் விடிய விடிய வாசித்துப் பழகிய கைகள்தான் தொலைக்காட்சிக்கும் வந்தன. உள்ளூர்ப் பாடகர் ஒருவர் நன்றாகப் பாடினார் என்று நினைவு இருக்கிறதென்றால், அவருக்கு ஏற்ற சுருதியில் அந்தக் குழு வாசித்தது ஒரு பெரிய காரணம்.

கரோக்கேயும் மைனஸ் ஒன் ஒலித்தடங்களும் வந்த பிறகு முதலில் காணாமற்போனவர்கள் இவர்களே. பத்துப் பேருக்குக் கொடுக்கும் சம்பளத்தை, சாப்பாட்டை, வேன் வாடகையை ஒரு சிறு வட்டு மிச்சப்படுத்தியது. திருவிழாக் குழுக்களும் அதையே செய்தன, திருமண வீட்டாரும் அதையே செய்தார்கள், தொலைக்காட்சி மட்டும் எப்படி விலகி நிற்கும்? ஆனால் மைனஸ் ஒன்னில் பாடும்போது ஒப்பீடு ஈவிரக்கமற்றது. தடம் மூலப் பாட்டின் அதே சுருதி, அதே வேகம். கேட்பவர் மனத்தில் மூலக் குரல் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளூர்ப் பாடகர் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் நகலாகத்தான் தெரிவார். மூலப் பாடகரே விருந்தினராக வந்து நின்றால் பிறகு சொல்லவே வேண்டாம். இன்றைய உள்ளூர்ப் பாடகர்கள் சோடை போய்விட்டார்கள் என்று காப்பிக்கடையில் தீர்ப்பு எழுதுவோர், அவர்களுக்குப் பின்னால் இப்போது யாருமே உட்காரவில்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விருந்தினரை அழைக்காமல் விட்டால் உள்ளூர்க் கலைஞர் வளர்ந்துவிடுவார் என்ற எதிர்வாதமும் இதே இடத்தில் இடறுகிறது. விருந்தினருக்குக் கொடுக்கும் தொகை மிச்சமானால் அது இசைக்குழுவுக்குப் போகும் என்று எந்த உறுதியும் இல்லை.

பெரிய மேடைகள் வேறு கணக்கு. 2018 ஜனவரி 6இல் தென்னிந்திய நடிகர் சங்கத்தின் நட்சத்திர விழா, 2023 ஜனவரி 28இல் ஏ.ஆர். ரஹ்மான் நிகழ்ச்சி, 2025 டிசம்பர் 27இல் விஜய்யின் 'ஜன நாயகன்' இசை வெளியீடு, மூன்றும் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் நடந்தவை. ஜொகூரிலிருந்து பேருந்து பிடித்து, விடுப்பு எடுத்துப் போனவர்கள் ஏராளம். அங்கே உள்ளூர்க் கலைஞருக்கு எவ்வளவு இடம் என்ற கேள்வியும் ஒவ்வொரு முறையும் எழுகிறது. ஆனால் அவை சீட்டு விற்று நடத்தப்படும் வணிக நிகழ்ச்சிகள். வாங்குகிறவருக்கு வேண்டியதை விற்கின்றன. மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் ஆர்டிஎம்மை அதே தராசில் நிறுத்த முடியாது.

குரலுக்கா கதைக்கா வாக்கு என்ற சண்டையும் புதியதல்ல. 2023இல் ஜீ தமிழின் சரிகமப லில் சாம்ப்ஸ் நிகழ்ச்சியில் இலங்கை மலையகத் தோட்டத்துச் சிறுமி அசானி பாடியபோது, உலு திராமின் முன்னாள் தோட்டக் குடும்பங்களும் ஒரு வாரம் விடாமல் பார்த்தன. இந்தியாவிலிருந்து கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் 200 ஆண்டுகளை மலையகம் நினைவுகூர்ந்த ஆண்டு அது. பட்டத்தை வென்றது யாழ்ப்பாணத்துச் சிறுமி கில்மிஷா. லயத்து வாழ்க்கையைக் காட்டிக் கண்ணீர் வரவழைக்கிறார்கள் என்று சிலர் குறைபட்டார்கள். வேறு எந்த நிகழ்ச்சி லயத்தைக் காட்டியது என்று மற்றவர்கள் கேட்டார்கள். இந்த நாட்டுத் தோட்டப் பிள்ளை ஒருவர் அப்படி வந்து நின்றிருந்தால் வாதம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

எங்கே போய்ப் பார்ப்பது?

ஜப்பானில் 1951இல் வானொலியில் தொடங்கி, 1953 முதல் ஆண்டிறுதி இரவில் தொலைக்காட்சியில் வரும் பாட்டு நிகழ்ச்சி ஒன்று உண்டு. கொஹாக்கு என்பார்கள். சிவப்பு அணி பெண்கள், வெள்ளை அணி ஆண்கள். யாரை அழைத்தார்கள், யாரை விட்டார்கள் என்பது ஒவ்வோர் ஆண்டும் அங்கே நாடளாவிய வழக்கு. ஆனால் எந்த ஆண்டு யார் பாடினார் என்பதில் வழக்கே இல்லை. என்எச்கே நிறுவனம் தொடக்கம் முதல் பட்டியலை வைத்திருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

பிபிசியின் கதை நேர்மாறு. 1964இல் தொடங்கிய 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியின் முதல் பத்தாண்டு நாடாக்களில் பெரும்பகுதி அழிக்கப்பட்டுவிட்டது. நாடா விலை கூடுதல், பழையதன் மேல் புதியதைப் பதிவு செய்தார்கள். பீட்டில்ஸ் குழு 1966இல் அதில் நேரில் தோன்றியதன் சில விநாடிகள் 2019இல் மீண்டும் கிடைத்தபோது அது உலகச் செய்தி. கிடைத்தது பிபிசி கிடங்கில் அல்ல; வீட்டில் ஒருவர் தொலைக்காட்சித் திரையைச் சிறு கேமராவில் படமெடுத்து வைத்திருந்ததில்.

அந்தச் செய்தி உலு திராமுக்கு நேரடியாகப் பொருந்தும். 1980களிலும் 1990களிலும் வீடியோ பெட்டி வாங்கியவர்கள் தீபாவளி நிகழ்ச்சிகளை வீஎச்எஸ் நாடாவில் பதிந்தார்கள். ரப்பர் செம்பனையாகி, செம்பனை வீடமைப்புப் பகுதியாகி, லயத்திலிருந்து தாமானுக்கு மாறியபோது அந்த நாடாக்களில் பல குப்பைக்குப் போயின. மிஞ்சியவை அலமாரி மேல் தட்டில் பூஞ்சை பூத்துக் கிடக்கின்றன. நம் ஊர் ஈரத்தில் காந்தப் பூச்சு உதிர்வதற்கு அதிக நாள் தேவையில்லை. ஓட்டிப் பார்க்கப் பெட்டியும் இல்லை. வீஎச்எஸ் பெட்டி தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

எழுத்துப் பதிவுக்கு நாளிதழ்கள் உண்டு. தொலைக்காட்சி நேரப் பட்டியலும், நிகழ்ச்சியில் பாடுவோர் பெயர்களும் தமிழ்ப் பத்திரிகைகளில் வந்தன. ஆனால் 1924 முதல் வந்த தமிழ் நேசன் 2019 ஜனவரி 31உடன் நின்றுவிட்டது. அதன் பழைய இதழ்களை வீட்டிலிருந்தபடி தேட வழியில்லை. நீரிணைக்கு அப்பால் தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் மின்னிலக்கமாக்கித் திறந்துவிட்டிருக்கிறது. விளைவு விசித்திரமானது: உலு திராம் காப்பிக்கடையில் சிங்கப்பூர் நிகழ்ச்சி பற்றிய சண்டையைக் கைப்பேசியில் தீர்த்துவிடலாம், கோலாலம்பூர் நிகழ்ச்சி பற்றிய சண்டையைத் தீர்க்க முடியாது.

பழைய நிகழ்ச்சிகளை ஏன் மறு ஒளிபரப்புச் செய்யக்கூடாது என்று ரசிகர்கள் கேட்கும்போது நிலையங்கள் பக்கமிருந்து வரக்கூடிய நியாயமான பதில் காப்புரிமை. அது சாக்கு என்று தள்ளிவிட முடியாது. ஒரு பல்சுவை நிகழ்ச்சியில் குறைந்தது மூன்று அடுக்கு உரிமை இருக்கிறது. ஒளிபரப்பு நிலையத்தின் உரிமை ஒன்று. 1987ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி 50 ஆண்டுகள். 1975இல் முதன்முதலாக ஒளிபரப்பான நிகழ்ச்சிக்கு அது 2025 முடிவில் தீர்ந்துவிட்டது. பாடியவரின் உரிமை இரண்டாவது; அதுவும் 50 ஆண்டு. மூன்றாவது பாட்டின் உரிமை. படைத்தவர் மறைந்து 50 ஆண்டுகள், இந்தியாவில் 60. கண்ணதாசன் மறைந்தது 1981இல், ஆகவே அவர் வரிகளுக்கு இங்கு 2031 இறுதிவரை. எம்.எஸ். விஸ்வநாதன் மறைந்தது 2015இல், அவர் மெட்டுகளுக்கு 2065 இறுதிவரை. வீட்டு நாடாவை யூடியூப்பில் ஏற்றியவர்களுக்கு உரிமை கோரல் அறிவிப்பு வருவது பெரும்பாலும் இந்த மூன்றாம் அடுக்கிலிருந்துதான். மேடையில் பாடுவதற்கே அனுமதி வேண்டும் என்று 2017இல் இளையராஜா தரப்பு எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியபோது இங்குள்ள ரசிகர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள்.

இந்த அடுக்குகளில் உள்ளூர்ப் பாடகர் எங்கே நிற்கிறார்? மறு ஒளிபரப்புக்குப் பணம் உண்டா இல்லையா என்பது அன்று அவர் கையெழுத்திட்ட தாளைப் பொறுத்தது. ஒரு பாட்டுக்கு ஓர் அன்பளிப்பு என்று வாங்கிக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் அந்தத் தாளை வைத்திருப்பார்கள்? தாள் இல்லை, நாடா இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை என்றால், தான் பாடினேன் என்பதையே நிரூபிக்க முடியாது. மூத்த கலைஞர்களுக்கு உதவித்தொகை, விருது என்று விண்ணப்பம் கேட்கும்போது முதலில் கேட்பதே கலைச்சேவைக்கான சான்று.

நிகழ்ச்சியைக் காட்டத்தான் உரிமை அனுமதி வேண்டும். பட்டியலுக்கு வேண்டாம். எந்த நாள், எந்த அலைவரிசை, நிகழ்ச்சியின் பெயர், பாடியவர், வாசித்தவர், தயாரிப்பாளர், நாடா கிடங்கில் இருக்கிறதா இல்லையா என்ற ஏழு தகவலை வெளியிட எந்த இசை நிறுவனமும் தடை சொல்ல முடியாது. ஆர்டிஎம் அரசுத் துறை. ஆர்டிஎம் கிளிக் என்ற தளமும் அதன் கையில் இருக்கிறது. தீபாவளி நிகழ்ச்சிகளுக்கு மட்டும் முதலில் அப்படி ஒரு பட்டியலைப் போட்டால் போதும். இருக்கும் இடைவெளிகளை நிரப்ப, அலமாரி மேல் தட்டில் நாடா வைத்திருப்பவர்கள் தாங்களாகவே முன்வருவார்கள். தமிழ் அமைப்புகள் கலை இரவுக்கு விருந்தினரை அழைக்கத் திரட்டும் பணத்தில் ஒரு சிறு பங்கு, ஒரு நல்ல பழைய வீடியோ பெட்டிக்கும் அதைக் கணினியில் இணைக்கும் கருவிக்கும் போதுமானது.

அதுவரை வீட்டில் நாடா வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியவை சில. நாடாவைப் படுக்க வைக்காமல் புத்தகம் போல் நிறுத்தி வைப்பது. பூஞ்சை பிடித்ததைப் பெட்டியில் போட்டு ஓட்டிப் பார்க்காமல் இருப்பது. ஒருமுறை ஓட்டினால் பூச்சு உரிந்து பெட்டியும் கெட்டுவிடும். மேலே ஒட்டிய சீட்டில் 'தீபாவளி' என்று மட்டும் இருந்தால், ஆண்டையும் அலைவரிசையையும் தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பது. அந்த வீட்டுப் பெரியவருக்கு அது ஆர்டிஎம்மா சிங்கப்பூரா என்று தெரியாவிட்டால், அன்று கூரை மேல் ஏறி ஏரியலை எந்தப் பக்கம் திருப்பினார் என்று கேட்டால் தெரிந்துவிடும்.